பச்சை குத்தப் போகும் முன் ஒரு ப்ரூஃப்

மதுரையில் சின்னதாக ஒரு டி.டி.பி. கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதணி விழா பிளெக்ஸ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர், பில் புக் இதெல்லாம்தான் பிழைப்பு. சில வருடங்களாக இதற்கு நடுவில் இன்னொரு கூட்டமும் வருகிறது. "அக்கா, பச்சை குத்தணும், இந்தப் பேரை நல்ல ஃபான்ட்ல அடிச்சுத் தாங்க" என்று வரும் பையன்களும் பெண்களும். டாட்டூ கடைகளில் ஆங்கிலத்துக்கு வளைத்து வளைத்து எத்தனையோ எழுத்து வைத்திருக்கிறார்கள். தமிழ் என்றால் பல இடங்களில் ஃபோனில் தெரியும் அந்த ஒரே எழுத்துதான். அதனால் எங்களைப் போன்றவர்களிடம் வருகிறார்கள்.

அப்படி ஊசிக்குப் போகும் முன்னும் போய்விட்டு வந்த பின்னும் நிறையக் கைகளைப் பார்த்திருக்கிறேன். என் இடது முன்கையிலும் ஒன்று இருக்கிறது. குத்தலாமா கூடாதா என்று என்னிடம் கேட்டால் பதில் சொல்ல மாட்டேன். அது அவரவர் தோல். எதை, எங்கே, யாரிடம் என்று கேட்டால் நிறையச் சொல்வேன்.

எழுத்திலிருந்து ஆரம்பிக்கிறேன், அதுதான் எனக்குத் தெரிந்த தொழில். அழகர்கோவில் பதினெட்டாம்படிக் கருப்புக்கு வேண்டிக்கொண்ட ஒரு தம்பி, முன்கை நீளத்துக்கு 'கருப்பன் துனை' என்று குத்திக்கொண்டு வந்தான். இரண்டு சுழி. மூன்று சுழி வர வேண்டும் என்று காலேஜில் யாரோ சிரித்த பிறகுதான் அவனுக்கே தெரிந்திருக்கிறது. வாட்ஸ்அப்பில் அவன் அடித்து அனுப்பியதை டாட்டூ போடுகிறவர் அப்படியே பார்த்துப் போட்டிருக்கிறார், அவரைக் குற்றம் சொல்ல முடியாது. நல்ல வேளையாக ஐகாரக் கொம்புக்கும் எழுத்துக்கும் நடுவில் கொஞ்சம் இடம் இருந்தது. பெரிதாக பிரிண்ட் எடுத்து, அந்த இடுக்கில் இன்னொரு சுழியை எப்படி நுழைக்கலாம் என்று வரைந்து கொடுத்தேன். நுழைத்துவிட்டார்கள். நெரிசலாகத்தான் இருக்கிறது, ஆனால் இப்போது கருப்பன் துணை.

பத்திரிகைக்கு ப்ரூஃப் பார்க்கிற மாதிரி இதற்கும் பார்க்க வேண்டும். அடித்தவரே பார்த்தால் கண்ணுக்குப் பிழை தெரியாது. ர-ற, ன-ண, ல-ள-ழ, ஒற்று எல்லாவற்றையும் தமிழ் ஒழுங்காக எழுதத் தெரிந்த வேறு இரண்டு பேரிடம் காட்டுங்கள். வீட்டில் வயதானவர்கள், தமிழாசிரியர் யாராவது இருந்தால் இன்னும் நல்லது. எதற்கு என்று கேட்பார்களே என்று கூச்சப்பட்டால் பத்திரிகைக்கு என்று சொல்லிக் காட்டுங்கள்.

அடுத்தது கம்ப்யூட்டர் செய்யும் கோளாறு. பாமினி என்ற பழைய தமிழ் ஃபான்ட்டில் 'அம்மா' என்று அடித்த ஃபைலை அந்த ஃபான்ட் இல்லாத இடத்தில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வந்து நிற்கும். இது யார் கண்ணிலும் பட்டுவிடும், ஆபத்தில்லை. ஃபோனில் அடிக்கிற யூனிகோட் எழுத்தைப் பழைய டிசைன் சாஃப்ட்வேரில் ஒட்டும்போது வருவதுதான் ஆபத்து. முன்னால் நிற்க வேண்டிய கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். கோமதி, யோகேஷ் மாதிரிப் பெயர்களில் இரட்டைக் கொம்பும் காலும் தனித்தனியாகப் பிரிந்து கிடக்கும். தமிழ் படிக்கத் தெரியாத ஒருவர் அதை டிசைன் என்றுதான் நினைப்பார். வெளி மாநிலத்தில் வேலை பார்த்துக்கொண்டு அங்கேயே குத்திக்கொள்கிறவர்கள் இதில் ரொம்பக் கவனமாக இருக்க வேண்டும். நான் யாருக்கும் எழுத்தாக அனுப்புவதில்லை. படமாக மாற்றி, சரியான அளவில் டிரேசிங் பேப்பரில் பிரிண்ட் எடுத்துக் கொடுத்துவிடுவேன்.

அளவு என்றதும் நிறையப் பேர் முகம் சுருங்கும். மணிக்கட்டில் கடுகு கடுகாக நாலு வரி வேண்டும் என்பார்கள். மருதாணி மேல்தோலில் ஏறுவது, அந்தத் தோல் உதிரும்போது கூடவே போய்விடும். பச்சையின் மை அதற்கும் கீழே, ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ஆழத்தில் போய் உட்காருகிறது. உடம்பின் காவல் செல்கள் அந்த மையை விழுங்கிப் பிடித்து வைத்துக்கொள்கின்றன, அதனால்தான் அது நிலைக்கிறது. ஆனால் அசையாமல் நிற்பதில்லை. வருடம் போகப் போகக் கோடு கொஞ்சம் தடிக்கும், ஓரம் மங்கும். தமிழ் எழுத்தில் சுழி அதிகம். ண, ஞ, இ எல்லாம் சின்னதாகக் குத்தினால் நாளடைவில் சுழி அடைத்து வெறும் பொட்டாகிவிடும். புள்ளி பக்கத்து எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். எழுத்து உயரம் ஒரு சென்டிமீட்டருக்குக் குறைய வேண்டாம் என்பது என் கணக்கு. இடம் போதாது என்றால் எழுத்தைக் குறைக்காதீர்கள், வார்த்தையைக் குறையுங்கள்.

குத்தும் முன் ஊதா நிறக் கார்பன் தாளில் டிசைனை எடுத்துக் கையில் ஒட்டி எடுப்பார்கள். அதுதான் கடைசி ப்ரூஃப். அவசரப்படுத்தினாலும் பரவாயில்லை, எழுந்து நின்று கையைத் தொங்கவிட்டு, மடக்கி, நீட்டிப் பாருங்கள். மடக்கும்போது எந்த எழுத்தானாலும் கோணும், அது சகஜம். கண்ணாடியில் படித்துப் பிழை தேடாதீர்கள், அதில் எல்லாமே இடம் வலமாக மாறித் தெரியும். ஃபோனின் செல்ஃபி கேமராவும் பல நேரம் அப்படியே காட்டும். பின்பக்கக் கேமராவில் ஒரு படம் எடுத்துப் பார்த்துவிடுங்கள். எழுத்து உங்களைப் பார்த்து இருக்க வேண்டுமா, எதிரே நிற்பவரைப் பார்த்து இருக்க வேண்டுமா என்பதையும் அப்போதே சொல்லிவிட வேண்டும். பொதுவாக எதிரே இருப்பவர் படிக்கிற மாதிரிதான் வைப்பார்கள். 'எனக்காகத்தானே குத்துகிறேன், எனக்குத் தலைகீழாகத் தெரிகிறதே' என்று முடிந்த பிறகு வருத்தப்பட்டவர்கள் உண்டு.

எங்கள் வீட்டுக் கதைக்கு வருகிறேன். மேலூர்ப் பக்கம் எங்கள் அப்பத்தா. அவர் வலது கையில் 'அண்ணாமலை' என்று தாத்தா பெயர், இடது கையில் ஒரு தேள். ஊருக்கு வரும் குறவர் பெண்கள் குத்திவிட்டது. மஞ்சளையும் அகத்திக் கீரையையும் துணியில் வைத்துத் திரியாகச் சுற்றி எரித்து, அந்தக் கரியில்தான் மை என்று அப்பத்தா சொல்வார். கூலி காசு இல்லை, அரிசி. வாழ்நாளில் தாத்தா பெயரை அப்பத்தா வாயால் சொன்னதில்லை. வாக்காளர் பட்டியல் எடுக்க வந்தவர் வீட்டுக்காரர் பெயர் என்ன என்று கேட்டபோது, கையை நீட்டிக் காட்டி "படிச்சுக்கங்க" என்றார். அந்த 'ணா', 'லை' இரண்டும் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய வடிவம். 'ணா' காலில்லாமல் கீழே வளைந்திருக்கும், 'லை' தும்பிக்கை தூக்கி நிற்கும். நான் தொழிலுக்கு வந்த பிறகு அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். என் கடைக் கம்ப்யூட்டரில் அந்த எழுத்துக்கள் கிடையாது.

அம்மாவுக்கு இது எதுவும் பிடிக்காது. அம்மா தலைமுறை படித்து டவுனுக்கு வந்த தலைமுறை. மாமியார் கையில் இருந்த பச்சை அவர்களுக்குப் பட்டிக்காடு. இன்றைக்குப் பையன்கள் கழுத்தில் குத்திக்கொண்டால் ரவுடித்தனம். கல்யாணம் பேசும்போது மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பார்கள் என்பது எல்லாவற்றுக்கும் மேல். நம் கலாச்சாரம் கெட்டுப் போச்சு என்று யாராவது பேசினால், எந்தத் தலைமுறைக் கலாச்சாரம் என்று கேட்கத் தோன்றும். கேட்டதில்லை.

கடைக்கு போஸ்டர் அடிக்க வரும் பெரியவர் ஒருவர் இருக்கிறார், எம்.ஜி.ஆர். காலத்துக் கட்சிக்காரர். கையில் பச்சை குத்திக்கொள்ளச் சொல்லி எம்.ஜி.ஆர். தொண்டர்களைக் கேட்டுக்கொண்டபோது முதல் ஆளாகப் போய் இரட்டை இலையைக் குத்திக்கொண்டவர். எம்.ஜி.ஆர். மறைந்த பிறகு கட்சி இரண்டாகி, சின்னத்தை முடக்கிவிட்டார்கள். 1989 தேர்தலில் ஜானகி அணிக்கு இரட்டைப் புறா, ஜெயலலிதா அணிக்குச் சேவல். "கையில இலைய வச்சுக்கிட்டு சேவலுக்கு ஓட்டுக் கேட்டேன் தாயி. வீட்டுக்கு வீடு சிரிச்சாங்க" என்பார். அப்புறம் சின்னம் திரும்பி வந்தது, அவர் கையும் தப்பித்தது. கட்சிச் சின்னம் குத்தணும் என்று வருகிற பையன்களிடம் இந்தக் கதையைச் சொல்வேன். சிரிப்பார்கள், குத்திக்கொள்ளவும் செய்வார்கள்.

நான் குத்திக்கொண்டது அப்பத்தாவின் தேள். அவர் இருக்கும்போதே டிரேசிங் பேப்பரைக் கையில் வைத்து வரைந்து எடுத்திருந்தேன். தோல் தளர்ந்து தேளின் வால் சுருங்கிப் போயிருந்தது. ஒரு கையால் தோலை இழுத்துப் பிடித்துக்கொண்டு மறு கையால் வரைந்தேன். நடுவில் ஒரு கோடு, பக்கவாட்டில் கால்களாகச் சின்னக் கோடுகள், வால் நுனியில் மூன்று புள்ளி, அவ்வளவுதான். இது இருந்தால் தேள் கொட்டாது என்பது நம்பிக்கை. அப்பத்தாவைக் கொட்டியிருக்கிறது. "வெசம் ஏறலைல்ல?" என்று அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தார்.

அந்த டிரேசிங் பல வருடம் மேஜை டிராயரில் கிடந்தது. அவ்வப்போது எடுத்துப் பார்ப்பேன், அலுக்கவில்லை. ஒரு டிசைனைக் குத்தலாம் என்று எனக்குத் தோன்றுவது இப்படித்தான். நேற்று பார்த்துப் பிடித்த படத்தை இன்றைக்குக் குத்த வருகிறவர்களிடம், ஃபோன் வால்பேப்பராக ஒரு வருடம் வைத்துப் பார் என்று சொல்லி அனுப்புகிறேன். இடம் சரியாக வருமா என்று பார்க்க வேண்டுமானால் வீட்டு மருதாணியை அரைத்து அதே இடத்தில் வரைந்து பார்க்கலாம். ஒரு வாரம், பத்து நாள் இருக்கும். கடையில் விற்கும் கறுப்பு மெஹந்தி கோன் வேண்டவே வேண்டாம். தலைச்சாயத்தில் சேர்க்கும் பி.பி.டி. என்ற ரசாயனம் அதில் கலந்திருக்கலாம். சிலருக்குக் கொப்புளம் போட்டுத் தழும்பாகிவிடும், அதன் பிறகு வாழ்நாள் முழுக்க டை அடித்தாலே அலர்ஜி வரும்.

டாட்டூ போடும் பையனுக்கு என் தேள் ஏமாற்றம்தான். கொடுக்கில் ஷேடிங் கொடுக்கிறேன், நிழல் விழுகிற மாதிரி த்ரீ-டியில் செய்யலாம் என்று ஐபேடில் வரைந்தே காட்டினான். அழகாகத்தான் இருந்தது. ஆனால் அது வேறு தேள். வேண்டாம், கோடு கோணலாக இருந்தால் கோணலாகவே இருக்கட்டும் என்றேன். உள்முன்கையில் வலி தாங்க முடிகிற வலிதான், சூடான நூலை இழுத்துக்கொண்டே போவது மாதிரி. மணிக்கட்டு எலும்பு பக்கம் வந்தபோது பல்லைக் கடித்தேன். விலா, கணுக்கால், முழங்கை எல்லாம் இதைவிட வலிக்கும் என்று குத்திக்கொண்டவர்கள் சொல்கிறார்கள்.

அவனைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அவன் வரைவது இல்லை, அவன் மேஜை. முதல் தடவை சும்மா விசாரிக்கப் போய், வேறு ஒருவருக்குப் போடுவதை ஓரமாக நின்று பார்த்தேன். ஊசியை அவர் கண் முன்னால் உறை பிரித்தான், உறையில் காலாவதித் தேதியைக் காட்டினான். மையைப் பாட்டிலிலிருந்து சின்ன மூடி மாதிரிக் கிண்ணங்களில் ஊற்றிக்கொண்டான், மிச்சத்தைப் பாட்டிலில் திருப்பி ஊற்றாமல் கிண்ணத்தோடு குப்பையில் போட்டான். மெஷினுக்கும் வயருக்கும் பிளாஸ்டிக் உறை, முடி மழிக்கப் புது ரேசர். நடுவில் ஃபோன் அடித்தபோது எடுத்துப் பேசிவிட்டுக் கையுறையைக் கழற்றி எறிந்து புதுசு மாட்டினான். அந்தக் கையுறையைப் பார்த்ததும்தான் இவனிடமே போடலாம் என்று முடிவு செய்தேன்.

சித்திரைத் திருவிழாவில் ஆற்றுக்குப் போகும் வழியெல்லாம் பாய் விரித்து, பேட்டரி மெஷின் வைத்துக்கொண்டு பச்சை குத்துகிறார்கள். ஒரே ஊசி, ஒரே மைக்கிண்ணம், ஒரே துணி, ஆள் மட்டும் மாறிக்கொண்டே இருப்பார்கள். மஞ்சள் காமாலைக் கிருமிகளான ஹெபடைடிஸ் பி, சி, கூடவே எச்.ஐ.வி. எல்லாம் இந்த வழியில் ஒருவர் ரத்தத்திலிருந்து இன்னொருவருக்குப் போக முடியும். குத்துகிறவர்கள் பாவம், வயிற்றுப் பிழைப்பு. ஆனாலும் அங்கே உட்காராதீர்கள் என்றுதான் சொல்வேன். நல்ல கடைக்கே போனாலும் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டிருப்பது நல்லது. மூன்று ஊசி, முதல் ஊசியிலிருந்து ஆறு மாதத்தில் முடியும்.

காது, மூக்குக் குத்திய இடத்தில் யாருக்காவது தழும்பு கட்டியாக வளர்ந்திருந்தால் பச்சையும் அப்படி வளரலாம், தோல் டாக்டரைக் கேட்காமல் போகக் கூடாது. சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்களும் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும் டாக்டரைக் கேட்டுவிட்டுத்தான் உட்கார வேண்டும், கர்ப்பமாக இருப்பவர்கள் தள்ளிப் போடலாம். சிவப்பு மைக்குத்தான் அலர்ஜி அதிகம். நம் மாநிறத்துக்குக் கறுப்புதான் எடுப்பாகவும் தெரியும், என்னைக் கேட்டால்.

குத்திக்கொண்டு வீட்டுக்குப் போனதும் அம்மா திட்டினார். திட்டிக்கொண்டே மஞ்சளைக் குழைத்துக்கொண்டு வந்தார். அதைத் தடுத்து நிறுத்துவதுதான் அன்றைக்குப் பெரிய வேலை. அது திறந்த புண். மஞ்சள், தேங்காயெண்ணெய், பவுடர் எதுவும் கூடாது. மிதமான சோப்பு போட்டுக் கையால் மெதுவாகக் கழுவி, துடைக்காமல் ஒற்றி எடுத்து, அவர்கள் சொன்ன களிம்பை மெல்லிசாகத் தடவினால் போதும். அப்பிவிடக் கூடாது. சில நாளில் தோல் உரியும், உயிர் போகிற மாதிரி அரிக்கும். சொறிந்தால் மையும் சேர்ந்து வந்துவிடும், மேலாகத் தட்டிக்கொள்ள வேண்டியதுதான். இரண்டு மூன்று வாரம் கிணறு, பம்ப்செட், நீச்சல் குளம் எதிலும் இறங்கக் கூடாது. நான் சித்திரை வெயிலில் குத்திக்கொண்டு வியர்வையில் அவஸ்தைப்பட்டேன், மார்கழியில் குத்தினால் சுகம். சிவப்பு பரவிக்கொண்டே போனாலோ, சீழ் வைத்தாலோ, காய்ச்சல் வந்தாலோ டாட்டூ கடைக்கு ஃபோன் செய்து நேரத்தைக் கடத்தாமல் டாக்டரிடம் போக வேண்டும்.

இப்போது பார்க்கிறவர்கள் எல்லாம் "விருச்சிக ராசியா?" என்கிறார்கள். நான் கன்னி.

என் தம்பிக்குக் கையில் ஒன்றும் கிடையாது, ஆசை உண்டு. அவனுக்கு ஓ நெகட்டிவ். ஆஸ்பத்திரியிலிருந்து ஃபோன் வந்தால் வண்டியை எடுத்துக்கொண்டு ஓடுகிறவன். பச்சை குத்தினால் ஓராண்டுக்கு ரத்தம் கொடுக்க முடியாது என்பது இங்கே விதி. அதனால் வேண்டாம் என்று விட்டுவிட்டான்.

பட்டாளத்துக்குப் போகும் கனவோடு அதிகாலையில் ஓடுகிற பையன்கள் இந்தப் பக்கம் அதிகம். அவர்களிடம் நானே கேட்டுவிடுவேன், செலக்‌ஷனுக்குப் போகிறாயா என்று. ராணுவத்தில் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை உள்பக்கமும், புறங்கையும்தான் அனுமதி. பழங்குடியினருக்கு அவர்கள் மரபுப்படி விலக்கு உண்டு. சி.ஆர்.பி.எஃப். போன்ற மத்தியப் படைகளில் சல்யூட் அடிக்காத இடது முன்கையின் உள்பக்கம் அல்லது புறங்கை, அதுவும் அந்தப் பகுதியில் கால்வாசிக்குக் குறைவாக. பெயரும் சாமி உருவமும் போகும், கழுத்துச் சிங்கம் போகாது. விமானப் பணிப்பெண் வேலைக்கு வெளியே தெரிகிற இடமே கூடாது என்பார்கள். அந்தந்த வருட அறிவிப்பை எடுத்துப் படித்துவிட்டுக் குத்தினால் பின்னால் அலைய வேண்டாம்.

லேசரில் எடுத்துவிடலாமே என்பார்கள். எடுக்கலாம். லேசர் மையைப் பொடிப்பொடியாக உடைக்கும், உடம்பு அதைக் கொஞ்சம் கொஞ்சமாக அப்புறப்படுத்தும். ஒரு தடவைக்கும் அடுத்த தடவைக்கும் ஆறிலிருந்து எட்டு வாரம் இடைவெளி, அப்படிப் பல தடவை போக வேண்டும். கறுப்பு சீக்கிரம் மங்கும், பச்சை, வெளிர்நீலம், மஞ்சள் லேசில் போகாது. நம் தோல் நிறத்தில் அந்த இடம் வெளுத்தோ கறுத்தோ நின்றுவிடவும் வாய்ப்பு உண்டு, அதனால் பியூட்டி பார்லரில் செய்யக் கூடாத வேலை அது. தோல் டாக்டர்தான் செய்ய வேண்டும். மொத்தச் செலவு, குத்துவதற்கு ஆனதைப் போலப் பல மடங்கு. நிறையப் பேர் அதற்குப் பயந்து பழைய பெயரின் மேலேயே மயிலிறகையோ இலையையோ போட்டு மூடிவிடுகிறார்கள். இந்த ஊரில் நான் பார்த்த மயிலிறகுகளில் பாதிக்கு அடியில் ஒரு பெயர் இருக்கும் என்பது என் சந்தேகம்.

அம்மா அப்பா பெயர், பிள்ளை பெயர் என்று வந்தால் ஒன்றும் கேட்காமல் அடித்துக் கொடுக்கிறேன். காதலிக்கிறவர் பெயர் என்று தெரிந்தால் மட்டும் ஒரு வாரம் கழித்து வா என்பேன். சிலர் வருவதில்லை. வருகிறவர்களுக்கு டிரேசிங் எடுத்துக் கொடுத்துவிடுவேன், காசு வாங்குவதில்லை. கல்யாணப் பத்திரிகை நம் கடையில்தான் அடிக்க வேண்டும் என்று மட்டும் சொல்லி அனுப்புகிறேன். ஒருத்தன் போன தையில் வந்து அடித்துப் போனான். பத்திரிகையில் இருந்ததும் அதே பெயர்தான், நான் சரிபார்த்துக்கொண்டேன்.